டெல்டா மாவட்டங்களில் மாற்றுத்திறனாளிக் கலைஞர்கள் அரசு நிதியுதவி பெறுவது எப்படி?

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் கலையைத் தொழிலாகக் கொண்டு வாழும் மாற்றுத்திறனாளிகள் பலர், தங்களைப் போன்றவர்களுக்கென்றே ஒரு திட்டம் இருக்கும், அதற்கு ஒரு விண்ணப்பம் கொடுத்தால் போதும் என்ற நம்பிக்கையோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு வருகிறார்கள். நடைமுறை வேறு. உடற்குறைபாட்டுக்கான உதவிகளை மாற்றுத்திறனாளிகள் நலத்துறையும் வருவாய்த் துறையும் வழங்குகின்றன. கலைக்கான உதவிகளை மாநிலக் கலை பண்பாட்டுத் துறையும் மத்தியப் பண்பாட்டு அமைச்சகமும் வழங்குகின்றன. ஒரு துறையின் விதிகள் மற்றத் துறையில் இருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எனவே புதிதாக முயல்பவர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இதுதான்: மாற்றுத்திறனாளி என்பதற்கு ஒரு கோப்பு, தொழில்முறைக் கலைஞர் என்பதற்கு ஒரு கோப்பு என்று இரண்டையும் தனித்தனியே கட்டி எழுப்ப வேண்டும், இரண்டிலும் பெயரும் முகவரியும் வருமானமும் ஒன்றோடொன்று முரண்படாமல் இருக்க வேண்டும்.

இந்த உதவியைக் கேட்பதில் கூச்சப்படத் தேவையில்லை. கும்பகோணம் சரப சாஸ்திரிகள் பார்வையற்றவர். புல்லாங்குழலைக் கச்சேரி மேடையின் முதன்மை வாத்தியமாக உயர்த்தியவர் அவர். இந்த மண்ணின் கலைக்கு மாற்றுத்திறனாளிகள் கொடுத்தது அதிகம். தவிர, 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 29ஆம் பிரிவில், மாற்றுத்திறனாளிகளான கலைஞர்களும் எழுத்தாளர்களும் தங்கள் திறமையைத் தொடர்வதற்கு வசதிகளும் ஆதரவும் நிதி உதவியும் செய்து தருவதை அரசின் கடமைகளுள் ஒன்றாகவே குறிப்பிடுகிறது. அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு, சமூகப் பாதுகாப்புத் திட்டங்களில் மற்றவர்களுக்குத் தரப்படுவதைவிடக் குறைந்தது 25 விழுக்காடு கூடுதலாக மாற்றுத்திறனாளிகளுக்குத் தர வேண்டும் என்கிறது. 37ஆம் பிரிவு, வறுமை ஒழிப்பு, வளர்ச்சித் திட்டங்களில் 5 விழுக்காட்டை அவர்களுக்கு ஒதுக்கி, அதில் பெண்களுக்கு முன்னுரிமை தருகிறது. விண்ணப்பத்தோடு இணைக்கும் முகப்புக் கடிதத்தில் இந்தப் பிரிவு எண்களை ஒரு வரியில் குறிப்பிடுங்கள். பிரிவு எண்ணைச் சுட்டி எழுதிய கடிதத்துக்குக் காரணம் சொல்லாமல் பதில் எழுதுவது கடினம்.

மருத்துவச் சான்றும் யூடிஐடி அட்டையும்

முதல் கோப்பின் அடித்தளம், அரசு மருத்துவரின் ஊனச் சதவீதச் சான்றும் அதன் பேரில் வழங்கப்படும் யூடிஐடி என்னும் தனித்துவ அடையாள அட்டையும் ஆகும். யூடிஐடிக்கு இணையவழியில் விண்ணப்பிக்க வேண்டும். வீட்டில் அதற்கான வசதி இல்லாதவர்கள் இ-சேவை மையத்தையோ மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தையோ அணுகலாம். பரிசோதனைக்கு அழைக்கும் நாளில் பழைய சிகிச்சைச் சீட்டுகள், எக்ஸ்ரே படங்கள், செவித்திறன் பரிசோதனை அறிக்கை ஆகிய அனைத்தையும் எடுத்துச் செல்லுங்கள். பெரும்பாலான சலுகைகளுக்கு 40 விழுக்காடும் அதற்கு மேலும் என்பதே எல்லைக்கோடு.

கலைஞர்கள் இங்கே இரண்டு செய்திகளை அறிந்திருப்பது நல்லது. முதலாவது, சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொள்கிறது. நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோய், குறைபார்வை, தொழுநோயிலிருந்து மீண்டவர்களின் பாதிப்பு ஆகியவையும் அவற்றுள் அடங்கும். நாற்பது ஆண்டுகள் தவில் அடித்துக் காது மந்தமான ஒருவர், தம்மை மாற்றுத்திறனாளி என்று நினைத்துப் பார்ப்பதே இல்லை. இரு காதுகளிலும் கேட்கும் திறன் 60 டெசிபல் அளவுக்குக் குறைந்திருந்தால் அது சட்டத்தின் கண்ணில் செவித்திறன் குறைபாடுதான். வயதின் கோளாறு என்று ஒதுக்கிவிடாமல் அரசு மருத்துவமனையில் ஒருமுறை பரிசோதித்துப் பாருங்கள்.

இரண்டாவது செய்தி அவ்வளவு இனிமையானது அன்று. சதவீதம் கணக்கிடும்போது உறுப்பின் பொதுவான இயக்கத்தைத்தான் பார்க்கிறார்கள். அந்த உறுப்பை வைத்து நீங்கள் என்ன தொழில் செய்கிறீர்கள் என்பதை அல்ல. மிருதங்கக்காரர் ஒருவருக்கு இடக்கை மணிக்கட்டின் நரம்பு பாதிக்கப்பட்டால் தொப்பி எனப்படும் இடப்பக்க முகத்தை அவர் வாசிப்பதே நின்றுவிடக்கூடும். ஆனால் சான்றில் மிகக் குறைந்த விழுக்காடே வரலாம். இது அநீதி என்றே நான் கருதுகிறேன். ஆயினும் விதி அப்படி இருக்கும்வரை, 40 விழுக்காட்டுக்குக் கீழே வந்தவர்கள் மனம் தளராமல் கலைத்துறைத் திட்டங்களின் மீதே முழு முயற்சியையும் செலுத்த வேண்டும். அவற்றுள் பலவற்றுக்கு ஊனச் சதவீதம் தேவையே இல்லை.

பெயர் என்னும் முதல் தடை

டெல்டா கலைஞர்களின் விண்ணப்பம் தேங்குவதற்குப் பெயர்க் குழப்பம் ஒரு முக்கியக் காரணம். கச்சேரி அழைப்பிதழில் ஊர்ப் பெயரோடு ஒரு பெயர் இருக்கும். ஆதாரில் முதலெழுத்தோடு வேறொரு பெயர் இருக்கும். வங்கிப் புத்தகத்தில் அப்பா பெயரையும் சேர்த்து விரித்து எழுதியிருப்பார்கள். யூடிஐடி அட்டையில் எழுத்துப்பிழையோடு இருக்கும். நீங்கள் எல்லாரும் அறிந்த திருவாரூர்க்காரராக இருக்கலாம், ஆனால் கோப்பைப் பார்ப்பவருக்கு இவை நான்கும் நான்கு வெவ்வேறு மனிதர்கள்.

ஆதாரில் உள்ளபடியே மற்ற அட்டைகளையும் வங்கிக் கணக்கையும் திருத்திக்கொள்வதே முதல் வேலை. மேடைப் பெயரை மாற்ற வேண்டியதில்லை. இரண்டு பெயர்களும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி வழக்கறிஞரிடம் உறுதிமொழிப் பத்திரம் ஒன்று எழுதி வாங்கி, அதன் நகலை ஒவ்வொரு விண்ணப்பத்தோடும் இணைத்துவிடுங்கள். வருமானச் சான்றை இ-சேவை வழியாகப் பெறும்போதும் அதே ஆதார்ப் பெயரில்தான் பெற வேண்டும். அந்தச் சான்றில் எழுதப்படும் ஆண்டு வருமானமும் விண்ணப்பத்தில் நீங்கள் எழுதும் வருமானமும் ஒன்றாக இருக்கட்டும். கச்சேரிக்குக் கச்சேரி மாறும் வருவாயை உத்தேசமாகச் சொல்லிவிட்டுப் பிறகு வேறு தொகை எழுதுவது கோப்பைத் திருப்பி அனுப்பக் காரணமாகிவிடும்.

பார்வையற்ற கலைஞர்களுக்கு வங்கியிலும் ஒரு தடை வருவதுண்டு. காசோலைப் புத்தகமோ ஏடிஎம் அட்டையோ தர முடியாது, கூட ஒருவர் பெயரைச் சேர்த்துக் கூட்டுக் கணக்காக்குங்கள் என்று கிளையில் சொன்னால் அதை ஏற்க வேண்டாம். பார்வையற்ற வாடிக்கையாளருக்கு இந்த வசதிகளை மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2008ஆம் ஆண்டிலேயே வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. உதவித்தொகை வந்து சேரும் கணக்கு உங்கள் பெயரில், உங்கள் கையில் இருக்க வேண்டும்.

தொழில்முறைக் கலைஞர் என்பதை நிறுவுதல்

இரண்டாவது கோப்பைக் கட்டுவதுதான் பெரும்பாடு. நம் பகுதியில் கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் வாசித்தால் சம்பாவனை தாம்பூலத் தட்டில் வருகிறது, ரசீது வருவதில்லை. அழைப்பிதழில் நாதஸ்வர வித்துவானின் பெயர் பெரிதாக இருக்கும். ஒத்து, தாளம், இரண்டாம் தவில் வாசிப்பவர்கள் ‘குழுவினர்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுவார்கள். கரகம், பொய்க்கால் குதிரை, பாவைக்கூத்துக் குழுக்களிலும் இதே நிலைதான். முப்பது ஆண்டு வாசித்தவரிடம் அதற்கான ஒரு தாள் இருக்காது.

ஆகவே இனி நடக்கும் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தாளைக் கேட்டு வாங்குங்கள். நோட்டீஸ் அச்சாகும் முன்பே, உடன் வாசிப்பவராக உங்கள் பெயரையும் போடச் சொல்லிக் குழுத் தலைவரிடம் கேளுங்கள். நிகழ்ச்சி முடிந்ததும் கோயில் செயல் அலுவலரிடமோ சபாச் செயலாளரிடமோ அவர்களுடைய பெயர் அச்சிட்ட கடிதத் தாளில் ஒரு கடிதம் வாங்குங்கள். அந்தக் கடிதம் இப்படி இருந்தால் போதும்: ‘மேற்படி நபர் எங்கள் ஆலயத்தின் வைகாசிப் பெருவிழாவில் இந்த நாள் முதல் இந்த நாள் வரை தவில் வாசித்தார். அதற்காக அவருக்கு இன்ன தொகை வழங்கப்பட்டது.’ நாள், கலை, தொகை, கையொப்பம், முத்திரை ஆகிய ஐந்தும் அதில் இருக்க வேண்டும். ‘சிறந்த கலைஞர், நல்ல குணமுடையவர்’ என்று புகழ்ந்து மட்டும் எழுதும் கடிதத்தால் பயன் குறைவு.

சம்பாவனையை இயன்றவரை வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். ஜிபே வழியாக வரும் சிறு தொகைகூட, பரிவர்த்தனைக் குறிப்பில் ‘தவில் கச்சேரி’ என்று இருந்தால் நல்ல ஆதாரம். பழைய நோட்டீஸ்கள், நாளிதழ்ச் செய்திகள், வானொலி ஒப்பந்தக் கடிதங்கள், இசைப்பள்ளிச் சான்று, குருநாதர் கொடுத்த கடிதம் ஆகியவற்றை ஆண்டு வரிசையில் அடுக்கி, முதல் பக்கத்தில் ஒரு பட்டியல் எழுதி வையுங்கள். வாசிப்பதைச் சில நிமிடங்கள் கைபேசியில் படமெடுத்து வைத்திருப்பதும் நேர்காணலுக்கு உதவும். ஆடியும் மார்கழியும் கல்யாணம் இல்லாத மாதங்கள் என்பதால், நாதஸ்வர, தவில் கலைஞர்கள் இந்தக் காகித வேலையை அப்போது வைத்துக்கொள்வது உகந்தது.

மாவட்டக் கலை மன்ற விருதுகளையும் சிறிதாக எண்ண வேண்டாம். கலை இளமணி, கலை வளர்மணி, கலைச்சுடர்மணி, கலை நன்மணி, கலை முதுமணி என வயதுக்கேற்ப வழங்கப்படும் இவ்விருதுகளின் பணமுடிப்பைவிட, அரசே உங்களைக் கலைஞர் என்று ஏற்றுக்கொண்டதற்கான அந்தச் சான்றிதழ்தான் பிற்காலத்தில் பல கதவுகளைத் திறக்கும்.

கலைத்துறையில் எங்கே விண்ணப்பிப்பது?

கிராமியக் கலைஞர்கள் முதலில் செய்ய வேண்டியது, 2007இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் உறுப்பினராவது. 18 முதல் 60 வயதுக்குட்பட்டவர்கள் பதிவு செய்யலாம். பிள்ளைகளின் படிப்பு, திருமணம், விபத்து, இறுதிச் சடங்கு ஆகியவற்றுக்கான உதவிகள் இதன்வழி கிடைக்கும். இசைக்கருவியும் ஆடை அணிகலன்களும் வாங்குவதற்குக் கலை பண்பாட்டுத் துறை தனியே நிதியுதவி அறிவிக்கும். வாரிய அட்டை கையில் இருப்பவருக்கு இத்தகைய அறிவிப்புகளின்போது தம்மைக் கலைஞர் என்று மீண்டும் ஆரம்பத்திலிருந்து நிறுவ வேண்டியிருக்காது. தஞ்சாவூரில் உள்ள மண்டலக் கலை பண்பாட்டு மையத்தில் விவரங்களும் படிவங்களும் கேட்டுப் பெறலாம்.

முதுமையிலும் நலிவிலும் இருக்கும் கலைஞர்களுக்குத் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றத்தின் வழியாக மாதம் 3,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. வயதுக்கும் வருமானத்துக்கும் வரம்புகள் இருப்பதால், மாற்றுத்திறனாளிக்கு வயதுத் தளர்வு உண்டா என்பதை அந்த ஆண்டின் படிவத்திலேயே பாருங்கள். படிவம் தெளிவாக இல்லையென்றால் எழுத்தில் கேளுங்கள். மத்தியப் பண்பாட்டு அமைச்சகம், 60 வயது நிறைந்து ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மேற்படாத மூத்த கலைஞர்களுக்கு மாதம் 6,000 ரூபாய் வரை வழங்குகிறது. மாநில உதவித்தொகையை வாங்கிக்கொண்டிருப்பது அங்கே ஒரு தகுதியாகப் பார்க்கப்படுவதால், மாநிலத்தில் முதலில் முயல்வதே சரியான வரிசை.

இளையவர்களுக்கு வேறு வழிகள் உண்டு. மத்திய அமைச்சகம் 18 முதல் 25 வயதுக்குட்பட்ட கலைஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகள் பயிற்சி உதவித்தொகை தருகிறது. 25 முதல் 40 வயதுவரை இளநிலை ஆய்வுநல்கை மாதம் 10,000 ரூபாய். 40க்கு மேற்பட்டோருக்கு முதுநிலை நல்கை மாதம் 20,000 ரூபாய். இவையும் இரண்டு ஆண்டுகளுக்கே. இவற்றை நலிந்தோர் உதவியாக எண்ணிவிடக் கூடாது. தகுதியின் அடிப்படையில் தேர்ந்தெடுக்கப்படுவதால், ‘நான் கஷ்டப்படுகிறேன்’ என்று எழுதுவதைவிட, நீங்கள் செய்யவிருக்கும் பணியைத் திட்டமாக எழுத வேண்டும். சுவாமி புறப்பாட்டின்போது நாதஸ்வரத்தில் வாசிக்கும் மல்லாரியில், திருவாரூர் வட்டாரத்தில் வழக்கொழிந்துவரும் வகைகளைச் சேகரித்து ஒலிப்பதிவு செய்யப்போகிறேன் என்பது ஒரு திட்டம். என் கலையை வளர்க்கப்போகிறேன் என்பது திட்டம் ஆகாது.

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிச் சாலையில் இருக்கும் தென்னகப் பண்பாட்டு மையத்தை நம் மாவட்டக்காரர்களே போதுமான அளவு பயன்படுத்திக்கொள்வதில்லை என்பது என் வருத்தம். அதன் குரு சிஷ்யப் பரம்பரைத் திட்டத்தில் குருவுக்கு மாதம் 7,500 ரூபாயும் பக்கவாத்தியக்காரருக்கு 3,750 ரூபாயும் மாணவர் ஒவ்வொருவருக்கும் 1,500 ரூபாயும் வழங்கப்படுகின்றன. மேடை ஏறி ஆட முடியாமல் போன, ஆனால் கற்றுக்கொடுக்கக்கூடிய கலைஞருக்கு இது மிகப் பொருத்தமான வழி. காலில் அடிபட்ட கரகாட்டக் கலைஞர் உட்கார்ந்தபடியே பத்துப் பேரை உருவாக்க முடியும்.

மாதாந்தர உதவியும் பயணச் சலுகையும்

மாற்றுத்திறனாளிகள் நலத்துறை, கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வழங்குகிறது. வருவாய்த் துறையின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் வேறு. ஒன்றைப் பெறுபவர் மற்றொன்றைப் பெற முடியாமல் போகும் விதிகள் பல இடங்களில் இருப்பதால், எந்தப் படிவத்திலும் கையெழுத்திடும் முன், ஏற்கெனவே வாங்கும் தொகையை வெளிப்படையாகச் சொல்லி, எது கூடுதல் பயன் தரும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஏற்கெனவே வாங்குவதை மறைத்துவிட்டால், வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லும் நிலை வரலாம்.

ஊர் ஊராகப் போய் வாசிக்கும் கலைஞருக்குப் பயணச் சலுகையும் பணம்தான். வெளியூர் அரசுப் பேருந்துகளில் கட்டணத்தில் 75 விழுக்காடு சலுகை உண்டு. ரயிலில் பார்வையற்றவர்களும், துணையின்றிப் பயணம் செய்ய இயலாத கை, கால் பாதிப்புள்ளவர்களும் உடன் வருபவரோடு சேர்த்துச் சலுகை பெறலாம். அதற்கு ரயில்வேயின் தனி அட்டை வேண்டும்.

விண்ணப்பத்தில் கூடுதல் செலவைக் கேளுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இது. நிகழ்ச்சிக்கான செலவு மதிப்பீடோ ஆய்வுத் திட்டமோ எழுதும்போது மற்றக் கலைஞர்கள் எழுதும் கணக்கையே நீங்களும் எழுதினால், உங்கள் உண்மையான செலவு அதில் தெரியாது. பார்வையற்ற பாடகர் சென்னைக்குப் போனால் இரண்டு டிக்கெட் ஆகும். சக்கர நாற்காலியில் செல்பவருக்குப் பேருந்து உதவாமல் வாடகை வண்டி தேவைப்படும். செவித்திறன் குறைந்த ஓவியர் தம் கண்காட்சியைத் திறந்து பேசச் சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும். இவை ஒவ்வொன்றையும் தனித் தனி வரியாக, ஏன் தேவை என்ற ஒரு சிறு குறிப்போடு எழுதுங்கள். ‘உடன் வருபவர் ஒருவருக்கு மயிலாடுதுறையிலிருந்து சென்னைக்குச் சென்றுவர ரயில் கட்டணம்; விண்ணப்பதாரர் முழுப் பார்வையிழப்பு உடையவர்’ என்பது போதும். சாய்தளம் இல்லாத மேடைக்கு உங்களைத் தூக்கிக்கொண்டு போவது வசதி ஆகாது. நியாயமான மாற்று ஏற்பாட்டைக் கேட்பது சட்டம் தரும் உரிமை. அழைப்பை ஏற்கும்போதே அதை எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

கைவினைக் கலைஞர்களுக்குச் சில சொற்கள்

சுவாமிமலைச் சிலை வார்ப்பு, தஞ்சாவூர் ஓவியம், நெட்டி வேலை, நரசிங்கம்பேட்டை நாதஸ்வரம் ஆகியவற்றைச் செய்பவர்களுக்கு மானியக் கடன்களும் உண்டு. மாவட்டத் தொழில் மையம் வழியாக வரும் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் மாற்றுத்திறனாளி சிறப்புப் பிரிவில் வருகிறார். சொந்த முதலீடு 5 விழுக்காடு போதும். மானியம் நகரத்தில் 25, கிராமத்தில் 35 விழுக்காடு. மாநில அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில், 35 வயது நிறைந்தவர்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரையிலான கடனில் 25 விழுக்காடு, அதிகபட்சம் 50,000 ரூபாய், மானியம் உண்டு. இருப்பினும் கடன் கடன்தான். மாதத் தவணையைக் கட்டும் அளவுக்கு ஆர்டர் நிலையாக இருந்தால் மட்டுமே இந்தப் பக்கம் செல்லுங்கள்.

காரைக்காலில் வசிப்பவர்கள் கவனிக்க: நாகூரிலிருந்து கூப்பிடு தூரம் என்றாலும் உங்கள் ஊர் புதுச்சேரி அரசின் கீழ் வருவதால், மேலே சொன்ன தமிழ்நாட்டுத் திட்டங்களுக்குப் பதிலாக புதுச்சேரியின் சமூக நலத்துறை, கலை பண்பாட்டுத் துறை ஆகியவற்றைத்தான் அணுக வேண்டும். மத்திய அரசின் திட்டங்கள் உங்களுக்கும் பொதுவானவை.

கொடுத்த பிறகு

விண்ணப்பத்தை நேரில் கொடுத்தால் நகலில் நாளும் முத்திரையும் வாங்காமல் வெளியே வராதீர்கள். தபாலில் அனுப்பினால், சேர்ப்பித்ததற்கான ஒப்புகை கேட்டு விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள். வாய்மொழியாக ‘வரும், போங்கள்’ என்று சொன்னால், எந்த எண்ணில் கோப்பு இருக்கிறது என்று மரியாதையோடு கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நாட்கள் கடந்தும் பதில் இல்லையென்றால், திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனுக் கொடுத்து மனு எண்ணைப் பெற்றுக்கொள்ளலாம். அதற்கும் அசையவில்லை என்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, இரண்டே கேள்விகள் கேளுங்கள்: என் விண்ணப்பம் இப்போது எந்த அலுவலரிடம் இருக்கிறது? அதன் மீது எடுக்கப்பட்ட ஒவ்வொரு நடவடிக்கையின் நாள் என்ன? 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம்.

மாற்றுத்திறனாளி என்ற காரணத்தாலேயே மறுக்கப்பட்டதாகவோ, கேட்ட மாற்று வசதி தரப்படவில்லை என்றோ இருந்தால், சென்னையில் உள்ள மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு எழுதுங்கள். உரிமையியல் நீதிமன்றத்தைப் போல ஆட்களை அழைத்து விசாரிக்கவும் ஆவணங்களைக் கேட்டு வாங்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு. நிராகரிப்பு எழுத்தில் வந்தால் அதைக் கிழித்துப் போட்டுவிடாமல் கோப்பில் சேருங்கள். பெரும்பாலும் குறை, இணைக்க மறந்த ஒரு சான்றாகவோ காலாவதியான வருமானச் சான்றாகவோதான் இருக்கும். அதைச் சரிசெய்து, பழைய கடிதத்தின் எண்ணையும் நாளையும் குறிப்பிட்டு அடுத்த அறிவிப்பிலேயே மீண்டும் விண்ணப்பியுங்கள்.